பாய்லர் அறைக்குப் பக்கத்து வகுப்பு

டூரின், 18 அக்டோபர் 1970

தம்பி கானியோ,

நாங்கள் நலம். உன் மச்சான் சவீனோவுக்கு இந்த வாரம் காலை ஷிஃப்ட். இதற்கு மேல் நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை, விஷயத்துக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை ரொக்கீனாவின் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். கரீல்யோ டீச்சர். தையல் மிஷினை விட்டு எழுந்து போக ஃபோர்மன் காலில் விழாத குறை. கார் சீட் உறை ஒன்று குறைந்தால் உலகம் நின்றுவிடும் என்பது அவன் நினைப்பு.

டீச்சர் என்னை நிற்க வைத்தே பேசினாள்.

"உங்க பொண்ணு கெட்ட பொண்ணுன்னு சொல்லலம்மா. ஆனா வார்த்தையைப் பிரிக்கத் தெரியல. ஒரு எழுத்து இருக்கிற இடத்துல ரெண்டு போடுறா. அழுத்தத்தைக் கண்ட இடத்துல வைக்கிறா. நாப்பது பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு இவ ஒருத்திக்காக நான் நிக்க முடியுமா, சொல்லுங்க?"

நோட்டைக் காட்டினாள். 'ரோபா' என்ற சொல்லை அசை பிரிக்கச் சொல்லியிருக்கிறாள். ரோ, பா என்று இருக்க வேண்டுமாம். இவள் ரொப், பா என்று எழுதியிருக்கிறாள். பக்கம் முழுக்கச் சிவப்புப் பென்சில். நம் ஊரில் பொருளை ரொப்பா என்றுதானே சொல்கிறோம்? சொல்வதைத்தானே எழுதுவாள்?

"முதல் வகுப்பு எங்க படிச்சா?" என்றாள்.

"ஊர்ல, டீச்சர்."

"யார் எடுத்தது?"

"ஒரு வாத்தியார்" என்றேன். என் தம்பி என்று சொல்லவில்லை. காப்பாற்றியது உன் மானத்தையா என் மானத்தையா என்று தெரியவில்லை.

விஷயம் இதுதான். டிசம்பரில் ஒரு டாக்டரும், மனசைச் சோதிக்கிற ஒரு அம்மாளும் பள்ளிக்கு வருவார்கள். டீச்சர்கள் கொடுக்கும் பட்டியலில் உள்ள பிள்ளைகளைச் சோதிப்பார்கள். தேறாதவர்களைத் தனி வகுப்பில் போடுவார்கள். அது கட்டடத்தின் அடித்தளத்தில், பாய்லர் அறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிள்ளைகள் பாய்லர் வகுப்பு என்கிறார்கள். அங்கே இருப்பது நம்மைப் போலத் தெற்கிலிருந்து வந்த கலாப்ரியா பிள்ளைகள், புல்யா பிள்ளைகள், சிசிலிப் பிள்ளைகள், அவர்களோடு காது கேட்காத ஒரு டூரின் பிள்ளை. அங்கே போனவர்கள் மேலே திரும்பி வந்ததாக இந்தக் கட்டடத்தில் யாருக்கும் நினைவில்லை. பதினாலு வயதானதும் நேராகத் தொழிற்சாலை.

பட்டியலில் ரொக்கீனா பெயர் இருக்கிறது.

நான் ஐந்தாவதோடு நின்றவள். யார் படிப்பதற்காக நின்றேன் என்பது உனக்குத் தெரியும், அதை இங்கே எழுதப் போவதில்லை. அசை பிரிப்பது எப்படி, அழுத்தம் எங்கே வரும், எல்லாவற்றையும் எனக்குப் புரிகிற மாதிரி எழுது. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தொனாத்தா

*

ரிபாக்கியாரா, 27 அக்டோபர் 1970

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். ரொக்கீனாவைப் பற்றி அந்த ஆசிரியை கூறியது என்னை வருத்தியது. ஆயினும் தொழில்முறையில் பார்த்தால் அவர் கூறியதில் நியாயம் இல்லாமல் இல்லை. என் வகுப்பில் அவள் இருந்தபோது இந்தக் குறையை நானும் கவனித்தேன். இங்கே முப்பது பிள்ளைகளும் அப்படியே பேசுவதால் அது குறையாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

விதிகளைச் சொல்கிறேன். ஒரு மெய்யெழுத்து தனியாக வந்தால் அடுத்த உயிரோடு போகும். இரட்டித்து வந்தால் நடுவில் வெட்ட வேண்டும்: பூனை கத், தோ. இரண்டு வேறு மெய்கள் வந்தாலும் பெரும்பாலும் நடுவில்தான்: காகிதம் கார், தா. ஆனால் முதல் மெய் 'ஸ்' ஆக இருந்தால் அதை வெட்டக் கூடாது. அது அடுத்த அசையோடு சேர்ந்தே போகும்: பாஸ்தா என்றால் பா, ஸ்தா. இதில்தான் எல்லாப் பிள்ளைகளும் விழுவார்கள்.

அழுத்தம் மூன்று வகை. கடைசிக்கு முந்திய அசையில் விழுந்தால் அது தட்டைச் சொல். கடைசி அசையில் விழுந்தால் வெட்டுப்பட்ட சொல். கடைசியிலிருந்து மூன்றாவதில் விழுந்தால் வழுக்குச் சொல்: மேசையைத் தாவொலோ என்கிறோமே, அதில் எடை முழுவதும் 'தா' மேல், மற்ற இரண்டும் சறுக்கிக்கொண்டு போகும். அசைக்கு ஒரு கைதட்டல், அழுத்தத்துக்குக் காலால் ஒரு தட்டு. தினமும் அரை மணி நேரம்.

இதைவிட முக்கியமான ஒன்று. வீட்டில் நம் பேச்சை நிறுத்து. முழுவதுமாக நிறுத்து. காது எதைக் கேட்கிறதோ அதைத்தான் கை எழுதும். நீயும் சவீனோவும் அவளிடம் இத்தாலியன் மட்டுமே பேச வேண்டும். பெயரையும் வெட்டிக் கூப்பிடாதே. 'ரொக்கீ' என்பது பெயரல்ல, பெயரின் பாதி. 'ரொக்கீனா' என்று மூன்று அசையும் முழுதாக வர வேண்டும். அழுத்தத்தோடு நிறுத்திவிட்டு வாலை விழுங்குவது நம் ஊர் வழக்கம். அந்த வழக்கத்தோடு டூரினில் வாழ முடியாது.

எனக்கு இந்த ஆண்டும் தற்காலிக நியமனம்தான். நிரந்தரம் பற்றிப் பேச்சு இருக்கிறது. அவளுக்கு என் முத்தம். என் மகன் அவளைத் தேடுகிறான்.

கானியோ

*

டூரின், 15 நவம்பர் 1970

தம்பி கானியோ,

நீ சொன்னபடி செய்கிறோம். எங்கள் வீட்டில் இப்போது மூன்று பேர் வானொலிச் செய்தி வாசிக்கிறோம்.

எனக்கு நாக்கு வலிக்கிறது. சிரிக்காதே, நிஜமாகவே வலிக்கிறது. நாள் முழுக்கத் தைத்துவிட்டு வந்து 'தயவுசெய்து உன் கைகளைக் கழுவிக்கொள்' என்று பெற்ற பிள்ளையிடம் சொல்வது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. திட்டுவதற்கு எனக்கு இத்தாலியன் பற்றவில்லை. கொஞ்சுவதற்குச் சுத்தமாக இல்லை. சவீனோவுக்குத் தெரிந்த இத்தாலியன் எல்லாம் தொழிற்சாலை போர்டில் இருப்பதுதான். போன வாரம் மேசையில் அவளிடம், "கவனம், பாகங்களைத் தொடாதீர்" என்றார். கோழிக்காலைக் காட்டி.

பக்கத்து வீட்டு ஈனெஸ் பொது பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டே எங்கள் கைதட்டலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வடகிழக்கே ரொவீகோ பக்கத்துக்காரி, வெள்ளத்தில் வீடு போய் இங்கே வந்தவள்.

"என்னடி தொனாத்தா, உள்ள சர்க்கஸா?"

"அசை பிரிக்கிறோம். ஒண்ணு இருக்கிற இடத்துல நாங்க ரெண்டு போடுறோமாம்."

"நாங்க ரெண்டு இருக்கிற இடத்துல ஒண்ணு போடுறோம். உன் பொண்ணையும் என் பையனையும் ஒரே பெஞ்சுல உக்கார வெச்சா கணக்கு நேராயிடும், போ."

அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இந்த ஊர்க்காரங்க மட்டும் ரொம்ப ஒழுங்கா? உன் டீச்சரைக் குளிருக்கு 'ஃப்ரெத்தோ'ன்னு சொல்லச் சொல்லிக் கேளு. ரெண்டு 'த'வுல ஒண்ணை முழுங்கிடுவா. என் பையன் பேரைப் பட்டியல்ல போடல, ஏன் தெரியுமா? அவனும் அந்த டீச்சர் மாதிரியே தப்பு பண்றான்" என்றாள்.

உன் பா, ஸ்தா பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் வாய் பாஸ், தா என்கிறது. ரொக்கீனா வாயும் அதையே சொல்கிறது. எந்த வாயில் அது பா, ஸ்தா என்று வெட்டுப்படுகிறது என்று கேட்டுச் சொல். ஆனாலும் கற்றுக்கொண்டாள். கார், தா. கத், தோ. ரோ, பா. இப்போது தப்பே இல்லை. கைதட்டலும் கால்தட்டலும் கடிகாரம் மாதிரி.

ஒரே ஒரு விஷயம். பேச்சு குறைந்துவிட்டது. முன்பெல்லாம் பள்ளியிலிருந்து வந்ததும் வாய் ஓயாது. இப்போது கேட்டால்தான் பதில், அதுவும் ஒரு சொல். நான் "ரொக்கீனா, இங்கே வா" என்றால் சுவரோரமாக நடந்து வந்து நிற்கிறாள்.

பரீட்சைப் பயம் என்கிறார் சவீனோ. நீ என்ன நினைக்கிறாய்?

தொனாத்தா

*

ரிபாக்கியாரா, 24 நவம்பர் 1970

அன்புள்ள அக்காவுக்கு,

மிகவும் மகிழ்ந்தேன். ஒரே மாதத்தில் இந்த முன்னேற்றம் என்றால் பிள்ளையிடம் குறை எதுவும் இல்லை என்று பொருள்.

அவள் குறைவாகப் பேசுவது நல்ல அறிகுறி. பேசுமுன் யோசிக்கிறாள். ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் பிள்ளைகள் சில காலம் இப்படி அமைதியாக இருப்பார்கள் என்று பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். விட்டுக்கொடுக்காதே. சவீனோவையும் விட்டுக்கொடுக்க விடாதே.

அடுத்த பாடம், சொல்லாக்கம். சோதனையில் இதைக் கட்டாயம் கேட்பார்கள். ஒரு சொல்லை எடுத்து வால் சேர்க்க வேண்டும். காஸா என்றால் வீடு. காஸெத்தா சின்ன வீடு. காஸோனா பெரிய வீடு. காஸாச்சா கேடுகெட்ட வீடு. வால் வந்ததும் அழுத்தம் தன் பழைய இடத்தை விட்டு வாலுக்குப் போய்விடும் என்பதைக் கவனிக்கச் சொல். அவளுக்குப் பிடிக்கும், இங்கே இருந்தபோது என் தொப்பிக்குக்கூட வால் சேர்த்துக் கேலி செய்வாள்.

நிரந்தர நியமனத்துக்கு ஆய்வாளர் ஜனவரியில் வருகிறார். என் வகுப்பில் யாராவது 'ரொப்பா' என்று சொல்லிவிடுவார்களோ என்று எனக்கும் உறக்கமில்லை. உன் நிலை எனக்குப் புரிகிறது என்பதற்காகச் சொன்னேன்.

கானியோ

*

டூரின், 13 டிசம்பர் 1970

கானியோ,

சோதனை முடிந்தது. அவள் வாய் திறக்கவில்லை.

நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவில் கண்ணாடி இருந்தது. அந்த அம்மாள் தாளைப் பார்த்து, அப்பா பெயரோடு குடும்பப் பெயரோடு அவள் முழுப் பெயரைச் சத்தமாக வாசித்தாள். ரொக்கீனா எழுந்து நின்றாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. படம் காட்டினார்கள். பூனை, மேசை, வீடு. அத்தனையும் அவளுக்குத் தெரியும். தட்டிக் காட்டச் சொன்னார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தான். கால் மணி நேரத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

"பின்தங்கிய பிள்ளை. கிறிஸ்துமஸ் லீவு முடிஞ்சதும் கீழ் வகுப்பு. அவளுக்கு நல்லதும்மா, அங்க பதினஞ்சு பேர்தான்" என்றாள் டீச்சர்.

நேற்று என்ன நடந்தது என்று சொல்கிறேன், கேள்.

ரொக்கீனா பால்கனிக் கோடியில் தனியாக நின்றிருந்தாள். நான் கூப்பிட்டேன், ரொக்கீனா என்று, மூன்று அசையும் முழுதாக, நீ சொன்ன மாதிரி. சுவரோரமாக நகர்ந்தாள். அதே நேரம் ஈனெஸ் அடுப்பிலிருந்து பொலென்தாவை, அவர்களுடைய சோளக் களியை, எடுத்துக்கொண்டே, நான் முன்பெல்லாம் கூப்பிடுவதைக் கேட்டுப் பழகியவள், "ரொக்கீ! வா, சூடா இருக்கு!" என்றாள். பிள்ளை ஓடியது, கானியோ. ஓடிப்போய் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் பேசியது, நம் பேச்சில். ஈனெஸுக்குப் பாதி புரியவில்லை. எனக்கு எல்லாம் புரிந்தது.

"அம்மாவுக்கு என் மேல ஏன் கோவம்? நான் என்ன பண்ணேன்னு நீ கேட்டுச் சொல்றியா?"

நம் ஊரில் ஒருவரை முழுப் பெயர் சொல்லி எப்போது கூப்பிடுவார்கள்? பாதிரியார் சவப்பெட்டிக்கு முன்னால் நின்று வாசிக்கும்போது. போலீஸ்காரன் கதவைத் தட்டும்போது. அம்மா விறகுக்கட்டையைக் கையில் எடுத்த பிறகு. உனக்குத் தெரியாதா? அப்பா உன்னைக் 'கா' என்று கூப்பிட்ட நாளெல்லாம் நீ தைரியமாகப் போனாய், 'கானியோ' என்றால் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்தாய். நானும் மறந்தேன். ஆனால் நான் வாத்தியார் இல்லை.

ஒன்றரை மாதம் என் பிள்ளை தினமும் காலையில் எழுந்து, இன்றைக்கு அடி விழும் என்று காத்திருந்திருக்கிறாள். யோசிக்கிறாள் என்றாய். நல்ல அறிகுறி என்றாய்.

உன் வால்களையும் கற்றுக்கொடுத்தேன். எங்கள் வீட்டுக்குக் கடைசி வால், காஸாச்சா, ஒன்றே போதும். புதிதாக வந்த வால் மேல் எடை முழுவதையும் போடுவது உங்கள் இலக்கணம் மட்டுமில்லை, இந்த ஊர்த் தொழிற்சாலையும் அப்படித்தான்.

இனி விதி எதுவும் எழுதி அனுப்பாதே.

தொனாத்தா

*

ரிபாக்கியாரா, 22 டிசம்பர் 1970

அக்கா,

எழுதி எழுதிப் பார்த்தேன். மூன்று தாள் கிழித்துவிட்டேன்.

நீ சொன்னது உண்மை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். இங்கே என் வீட்டில் அவள் இருந்த இரண்டு ஆண்டும் நாங்கள் எல்லோரும் அவளை ரொக்கீ என்றுதான் கூப்பிட்டோம். பள்ளிக்குள் நுழைந்ததும் நானே மாற்றிக்கொள்வேன். என் மாணவர்களைக் குடும்பப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறேன். அவர்கள் எழுந்து நிற்பார்கள், நான் அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

ஆனாலும் அக்கா, எல்லாப் பழியும் என் மேல் இல்லை. பட்டியலில் அவள் பெயரை எழுதியது நான் அல்ல.

உங்கள் தலைமையாசிரியருக்கு நான் எழுதுகிறேன். அவளுக்கு முதல் வகுப்பு எடுத்தவன் என்ற முறையில், அவள் எப்படிப்பட்ட மாணவி என்று சொல்கிறேன். ஓர் ஆசிரியர் இன்னோர் ஆசிரியரின் சொல்லை மதிப்பார்.

அது பலிக்கவில்லை என்றால் வேறு ஒரு வழி இருக்கிறது. என் மனைவியிடம் பேசிவிட்டேன். ரொக்கீனாவை இங்கே அனுப்பிவிடு. எங்கள் வீட்டில் இருந்து என் பள்ளியிலேயே படிக்கட்டும். ஐந்தாவது முடித்ததும் அழைத்துக்கொள். அந்த அடித்தளத்தில் அவள் உட்கார வேண்டியதில்லை. யோசித்துச் சொல். கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

கானியோ

*

டூரின், 10 ஜனவரி 1971

கானியோ,

வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் கீழே இருக்கிறாள்.

நான் போய்ப் பார்த்தேன். ஜன்னல் தெருவின் உயரத்தில் இருக்கிறது, அதன் வழியே நடப்பவர்களின் கால்கள்தான் தெரியும். பாய்லர் போட்டால் வேர்க்கிறது, அணைத்தால் விறைக்கிறது. அங்கே பாடம் எடுக்கும் பெண் சின்னப் பெண், கெட்டவள் இல்லை. ஆனால் ஏழு வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பையனும் ஒரே அறையில் மணி கோக்கிறார்கள். வண்ண மணிகள். இதற்கா நான் அவளை இங்கே கொண்டுவந்தேன்?

நீ எழுதாத ஒன்று இருந்தது, எனக்கும் தெரியாமல். அந்த வகுப்புக்குப் பெற்றோர் சம்மதக் கையெழுத்து வேண்டும். நான் போடவில்லை. சவீனோ போட்டிருக்கிறார். டீச்சர் அவரைத் தொழிற்சாலை வாசலில் பிடித்து, அங்கே மாலை நாலரை வரை பிள்ளையை வைத்துக்கொள்வார்கள், மதியச் சாப்பாடும் உண்டு என்று சொல்லியிருக்கிறாள்.

"என்ன கையெழுத்துப் போட்டே?" என்றேன்.

"நாலரை வரைக்கும் பாத்துப்பாங்களாம். உனக்கும் ஷிஃப்ட், எனக்கும் ஷிஃப்ட். பிள்ளையைப் பால்கனியிலயா கட்டிப்போடுறது?"

"அது என்ன வகுப்புன்னு தெரியுமா உனக்கு?"

"படிப்புதானே, தொனா. எந்த மாடியில படிச்சா என்ன? நான் மட்டும் எந்த மாடியில படிச்சேன்?"

மேல் வகுப்புப் பிள்ளைகளை மதியம் பன்னிரண்டரைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கீழே இருப்பவர்களை மட்டும் நாலரை வரை. யாருக்காக இந்த ஏற்பாடு என்று யோசித்துப் பார். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போகிறவர்கள் யார்? தூண்டிலில் இரை வைப்பதை விடச் சுத்தமான வேலை.

உன் யோசனையைச் சவீனோவிடம் சொன்னேன். "நல்லதாப் போச்சு, அனுப்பிடலாம்" என்றார். ரொக்கீ சமையல் மூலையில் இருந்தாள், காதில் விழுந்துவிட்டது. அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், கட்டிலுக்கு அடியிலிருந்து தன் பெட்டியை இழுத்து வெளியே வைத்திருந்தாள். நீங்கள் கொடுத்தனுப்பிய அட்டைப் பெட்டி.

"எதுக்குடி இது?"

"நீ என்னைத் திருப்பி அனுப்பத்தானே கோவமா இருந்தே?"

அடி விழும் என்று மட்டும் அவள் பயப்படவில்லை, கானியோ. நான் தப்பாக நினைத்திருந்தேன்.

அவளை உங்கள் வீட்டில் விட்டு இரண்டு வருஷம் இங்கே இருந்தேன். ஒரு அறை, ஒரு சமையல் மூலை, அவ்வளவு கிடைப்பதற்கு இரண்டு வருஷம். தெற்கத்திக்காரர்களுக்கு வாடகைக்கு இல்லை என்று போர்டு தொங்கிய தெருக்களில் நடந்தேன். மறுபடி அவளை ரயிலில் ஏற்ற மாட்டேன். உன் மனைவிக்கு நன்றி சொல். நல்ல மனசோடு சொன்னாய் என்று தெரியும். ஆனால் பிள்ளையை இங்கிருந்து எடுத்துவிட்டால் அந்த அறை காலியாகிவிடாது. வேறு ஒரு ரொக்கீயை உட்கார வைப்பார்கள்.

உன் கடிதத்துக்குத் தலைமையாசிரியர் என்ன பதில் எழுதினார்?

தொனாத்தா

*

ரிபாக்கியாரா, 20 ஜனவரி 1971

அக்கா,

பதில் வந்தது. நான்கு வரி. முதல் மூன்று மரியாதை. நான்காவது இது: 'தங்கள் பகுதிப் பள்ளிகள் எந்த அளவுகோலில் மாணவர்களைத் தேர்ச்சி பெறச் செய்கின்றன என்பதை நாங்கள் நன்கு அறிவோம்.'

ஓர் ஆசிரியர் இன்னோர் ஆசிரியரின் சொல்லை மதிப்பார் என்று உனக்கு எழுதியவன் நான். நான் அவர்களுக்கு ஆசிரியரே அல்ல. நீ காலாகாலமாகத் தெரிந்து வைத்திருப்பதை நான் தாளில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஆய்வாளரும் வந்து போனார். என் வகுப்பில் ஒருவன் ரொப், பா என்று பிரித்தான். ஆய்வாளர் என்னைப் பார்த்தார். நான் திருத்தினேன், ஆனால் அவனைக் குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. வீட்டில் கூப்பிடுவது போலவே 'மிக்கே' என்றேன். அவன் எழுந்து நிற்காமல் உட்கார்ந்தபடியே சிரித்துக்கொண்டு பதில் சொன்னான். சரியாகச் சொன்னான். ஒழுங்கு போதாது என்று ஆய்வாளர் குறித்துக்கொண்டார். இந்த ஆண்டும் தற்காலிகமே. அதை நீ சுமக்க வேண்டாம், செய்தியாகச் சொல்கிறேன்.

இப்போது காரியம். பொதென்ஸாவில் எங்கள் ஆசிரியர் சங்கத்தில் கேட்டேன். சம்மதம் தந்த பெற்றோர் அதைத் திரும்பப் பெறலாம். காரணம் எழுத வேண்டியதில்லை. சவீனோ கையெழுத்திட்டதால் சவீனோதான் எழுத வேண்டும். இரண்டு வரி போதும், கீழே எழுதியிருக்கிறேன், அப்படியே பார்த்து எழுதட்டும். நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள், தபாலில் வேண்டாம். எல்லாம் சரி, ஆனால் இடமில்லை என்பார்கள். அதற்கு என்னிடம் விதி எதுவும் இல்லை.

மேலே போனால் நாலரை வரை யார் அவளைப் பார்த்துக்கொள்வது? அதை யோசித்தாயா?

கா

*

டூரின், 7 பிப்ரவரி 1971

தம்பி,

சவீனோ எழுதினார். அதற்கு ஒரு வாரம் பிடித்தது. பேசிப் பேசி அல்ல. ஒரு நாள் அவரே ஷிஃப்ட் முடிந்து அவளை அழைத்துவரப் போனார். தெருவில் அந்த ஜன்னல் முன்னால் போய் நின்றிருக்கிறார். உள்ளே இருந்து பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், "யாரோட அப்பா அது? பூட்ஸு மட்டும்தான் தெரியுது" என்று கத்தினானாம். வீட்டுக்கு வந்ததும் பேனாவைத் தேடினார்.

வியாழக்கிழமை கொடுத்தோம். தலைமையாசிரியர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சட்டப்படி சரிதான். ஆனா மேல நாப்பது பேர். இடமில்லை, டெஸ்க் இல்லை. அக்டோபர்ல பாக்கலாம்."

"அக்டோபர் வரைக்கும் எங்க இருப்பா?" என்றேன்.

"இருக்கிற இடத்துலயே."

சவீனோ தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு "சரிங்க" என்றுவிட்டார். அவரைத் திட்டிப் பயனில்லை. பெரிய மேசைக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருந்தாலும் அவருக்கு அந்த ஒரு சொல்தான் வரும்.

வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினேன். ஈனெஸைக் கூப்பிட்டேன். "எதுக்கு?" என்றாள். "ஒண்ணைத் தூக்கணும்" என்றேன். வேறு எதுவும் கேட்காமல் செருப்பை மாற்றிக்கொண்டு வந்தாள்.

எட்டரை மணிக்கு நேராகக் கீழே போனோம். அந்தச் சின்ன டீச்சர் எங்களைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். தடுக்கவில்லை. ரொக்கீயின் டெஸ்க் பழைய மாதிரி, இரும்புக் கால், உட்காரும் பலகை சேர்ந்தே இருக்கும். நானும் ஈனெஸும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். பை மாட்டியபடி ரொக்கீ முன்னால் நடந்தாள்.

முதல் திருப்பத்தில் பியூன் வந்தான்.

"ஏம்மா, ஏய், எங்க எடுத்துட்டுப் போறீங்க? அது அரசாங்கச் சொத்து!"

"அரசாங்கத்தை விட்டு வெளிய போகல, அண்ணே. ரெண்டு மாடி மேலதான் போகுது. ஒரு கை குடுங்க" என்றாள் ஈனெஸ்.

கை கொடுக்கவில்லை. ஆனால் கதவை மூடவும் இல்லை, தலைமையாசிரியரைக் கூப்பிட ஓடினான்.

கரீல்யோ டீச்சர் கரும்பலகையில் தேதி எழுதிக்கொண்டிருந்தாள். டெஸ்க் கதவில் இடித்தது. நாற்பது தலையும் திரும்பின.

"இது என்ன? இங்க இடமில்லைன்னு சொல்லலையா?"

"சொன்னாங்க டீச்சர். அதான் இடத்தை நாங்களே கொண்டுவந்துட்டோம்."

வகுப்பு சிரித்தது. என்னைப் பார்த்துச் சிரித்ததா, டீச்சரைப் பார்த்தா என்று தெரியவில்லை. சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில் வைத்தோம். ரொக்கீ உட்கார்ந்தாள். நான் நம் பேச்சில் அவளிடம் சொன்னேன், எல்லோர் காதிலும் விழும்படி: "இங்கதான் உன் இடம். யார் சொன்னாலும் எழுந்திரிக்காத." தலையாட்டினாள்.

தலைமையாசிரியர் மூச்சிரைக்க வந்தார். கதவில் நின்று பார்த்தார். சவீனோ எழுதிக் கொடுத்த தாள் அவர் பையில். பிள்ளை டெஸ்கில். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் ஏழு வயதுப் பெண்ணைப் பிடித்து இழுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. "ஜூன் வரைக்கும் பாக்கலாம்" என்றார். அக்டோபர் ஜூனாக மாறிவிட்டது பார்.

கதை போல முடிந்துவிட்டது என்று நினைக்காதே. நேற்று சனிக்கிழமை. டீச்சர் அவளை ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு முறை திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் இருக்கும் பெண் இவளிடம் அழிரப்பர் கேட்டாளாம், அவ்வளவுதான் மொத்தப் பேச்சு. ஜூனில் மறுபடி சோதிப்பார்கள். எனக்கு ஒரு நாள் சம்பளமில்லை, ஃபோர்மன் என் பெயரைக் குறித்து வைத்திருக்கிறான். நாலரை வரை யார் என்று கேட்டாயே? ஈனெஸ் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கு இரவு ஷிஃப்ட் வரும் வாரம் என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஆனால் நேற்று மத்தியானம் பள்ளி வாசலில் ஒரு பெண் என்னை நிறுத்தினாள். கலாப்ரியாக்காரி, பார்த்துப் பழக்கமில்லை. அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனின் அம்மா.

"நேத்து டெஸ்கைத் தூக்கிட்டுப் போனது நீங்கதானே?"

"ஆமா."

"எங்க வீட்டுக்காரர் கையெழுத்தை வாபஸ் வாங்க எப்படி எழுதணும்?"

உன் இரண்டு வரியை அங்கேயே பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். திங்கட்கிழமை எட்டரைக்குப் போகிறோம். பையனுக்கு மூன்றாவது மாடி.

ஈஸ்டருக்கு நீ இங்கே வரப்போவதாக உன் மனைவி சொல்லியனுப்பினாள். விடுமுறையில் வராதே, பள்ளி மூடியிருக்கும். அதற்கு முன் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வா. வேலைதான் நிரந்தரம் இல்லையே, யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்? கீழே இன்னும் பத்துப் பதினைந்து டெஸ்க் இருக்கிறது, அத்தனையும் இரும்புக் கால். ஈனெஸுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது.

தொனா